பச்சைப் பாசியும் பாஸ்பரஸும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஏரி, குளம், ஆய்வகக் குடுவை, கழிவுநீர்த் தொட்டி என்று நன்னீர் எங்கே பச்சையானாலும் பேச்சு கடைசியில் பாஸ்பரஸில் வந்து நிற்கும். தண்ணீரில் எவ்வளவு இருக்கிறது என்று எல்லோரும் கேட்கிறார்கள். பாசியின் செல்லுக்குள் எவ்வளவு இருக்கிறது என்று கேட்பவர்கள் குறைவு. குழப்பங்களில் பாதி அங்கேதான் பிறக்கிறது. கீழே உள்ளவை குளோரெல்லா, செனிடெஸ்மஸ், கிளாமிடோமோனாஸ், கிளாடோஃபோரா போன்ற நன்னீர்ப் பச்சைப் பாசிகளைப் பற்றியவை. நீலப்பச்சைப் பாசி உண்மையில் பாக்டீரியா. அதைத் தேவையான இடத்தில் மட்டும் தொட்டிருக்கிறேன்.

பாசிக்குப் பாஸ்பரஸ் எதற்கு வேண்டும்?

டிஎன்ஏ, ஆர்என்ஏ இழைகள் சர்க்கரையும் பாஸ்பேட்டும் (பாஸ்பரஸோடு ஆக்சிஜன் சேர்ந்தது) மாறி மாறிக் கோத்தவை. செல் சவ்வின் கொழுப்புகளில் கணிசமான பங்கு பாஸ்போலிப்பிடு, அதாவது பாஸ்பேட் ஒட்டிய கொழுப்பு. ஆற்றலைக் கைமாற்றும் ஏடிபி பாஸ்பேட் இல்லாமல் இல்லை. ஒளிச்சேர்க்கையில் கார்பன் டை ஆக்சைடு பிடிபட்டு உருவாகும் முதல் சர்க்கரைப் பொருட்களும் பாஸ்பேட் ஒட்டியவைதான்.

இவற்றில் எது அதிகப் பாஸ்பரஸைப் பிடித்து வைத்திருக்கிறது என்று கேட்டால் பலரும் ஏடிபி என்பார்கள். ஆனால் ஏடிபி மிகக் குறைந்த அளவே இருந்து, திரும்பத் திரும்பச் சுழல்வது. பெரிய பங்கு ஆர்என்ஏவிடம், அதிலும் ரைபோசோம்களில் இருக்கிறது. வேகமாகப் பெருகும் செல்லுக்கு நிறையப் புரதம் வேண்டும், புரதம் செய்ய ரைபோசோம் வேண்டும், ரைபோசோமுக்குப் பாஸ்பரஸ் வேண்டும். வேகமாக வளரும் பாசிக்குப் பாஸ்பரஸ் பசி அதிகமாக இருப்பதற்கு இதுவே முக்கியக் காரணம்.

எவ்வளவு வேண்டும்?

உலர் எடையில் ஏறக்குறைய 1 சதவீதம் என்று வைத்துக் கணக்குப் போடுவது வழக்கம். அப்படியானால் 1 கிராம் பாஸ்பரஸுக்கு 100 கிராம் உலர் பாசி. ஆனால் இந்த 1 சதவீதம் வெறும் நடுவாந்தர எண். பட்டினி கிடக்கும் பாசி 0.2 சதவீதத்திலும் அதற்குக் கீழேயும் உயிரோடு இருக்கும். பாஸ்பரஸ் நன்றாகக் கிடைத்த பாசி 3 சதவீதம் வரை ஏற்றிக்கொள்ளும். அதே 1 கிராம் பாஸ்பரஸ் 0.2 சதவீதக் கணக்கில் 500 கிராம் பாசியாகும். உள்ளே வரும் பாஸ்பரஸை மட்டும் வைத்து எவ்வளவு பாசி வரும் என்று சொல்பவர்கள் சறுக்கும் இடம் இது.

தண்ணீரில் இருக்கும் எல்லாப் பாஸ்பரஸையும் பாசி எடுத்துக்கொள்ளுமா?

இல்லை. செல்லுக்குள் நேராக நுழைவது கரைந்த ஆர்த்தோபாஸ்பேட், அதாவது வேறெதிலும் கட்டுப்படாத தனிப் பாஸ்பேட் மட்டுமே. பிஎச் 7.2-க்குக் கீழே அதில் இரண்டு ஹைட்ரஜன் ஒட்டிய வடிவம் மிகுந்திருக்கும், அதற்கு மேலே ஒரு ஹைட்ரஜன் ஒட்டிய வடிவம். இயல்பான ஏரி நீரில் இரண்டும் கலந்தே இருக்கும்.

மற்றவை கரிமப் பொருட்களில் கட்டுண்டோ, இரும்பு, அலுமினியம், கால்சியத்தோடு ஒட்டியோ, நுண்ணுயிர்களின் உடலுக்குள்ளோ இருக்கும். கரிமப் பாஸ்பரஸின் ஒரு பகுதியைப் பாசி வெளியிலேயே வெட்டி எடுத்துக்கொள்ளும். செல்லின் மேற்பரப்பிலும் சுற்றியுள்ள நீரிலும் பாஸ்படேஸ் என்ற நொதியை விடும். அது பாஸ்பேட்டைத் தனியே பிரித்துக் கொடுக்கும். பாஸ்பேட் தாராளமாகக் கிடைக்கும்போது இந்த நொதியின் உற்பத்தி அடங்கிவிடும். அதனால் ஏரி நீரில் பாஸ்படேஸ் செயல்பாடு உயர்ந்திருந்தால், அங்குள்ள உயிரிகள் பாஸ்பரஸுக்குத் தவிக்கின்றன என்பதற்கு அது நல்ல அறிகுறி.

பாஸ்பேட் செல்லுக்குள் எப்படி நுழைகிறது?

சும்மா நுழைந்துவிடாது. இரண்டு தடைகள் உண்டு. செல்லுக்குள் பாஸ்பேட் மில்லிமோலார் (செறிவின் அலகு; அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமோலார்) அளவில் இருக்கிறது. வெளியே ஏரி நீரில் பெரும்பாலும் 1 மைக்ரோமோலாருக்கும் குறைவு. ஆக ஆயிரம் மடங்குக்கும் மேற்பட்ட ஏற்றத்தில் தள்ள வேண்டும். இரண்டாவது, செல்லின் உட்புறம் எதிர்மின்னூட்டம் கொண்டது. பாஸ்பேட்டும் எதிர்மின்னூட்டம் கொண்டது. உள்ளே வர விடாமல் மின்விசையே தள்ளுகிறது.

அதனால் பாசி வேறு ஒரு அயனியைத் துணைக்கு அழைக்கிறது. சவ்வில் உள்ள கடத்திப் புரதம் ஒரு பாஸ்பேட்டோடு சில ஹைட்ரஜன் அயனிகளையோ சோடியம் அயனிகளையோ சேர்த்து உள்ளே விடும். அந்த நேர்மின் அயனிகள் உள்ளே பாயத் துடிப்பவை. அவற்றின் ஓட்டத்தில் பாஸ்பேட்டும் இழுபட்டு வரும். உள்ளே வந்த அயனிகளை மறுபடி வெளியேற்ற ஏடிபி செலவாகும். பாஸ்பேட் இலவசமில்லை என்பதை மறக்க வேண்டாம். கிளாமிடோமோனாஸின் மரபணுத் தொகுதியில் இரண்டு வகைக் கடத்திகளுக்கும் மரபணுக்கள் உள்ளன. கேரா என்ற பச்சைப் பாசியில் சோடியத்தோடு சேர்ந்த நுழைவு நன்கு ஆராயப்பட்டிருக்கிறது.

கடத்திகளில் தாராள காலத்துக்கானவை, பஞ்ச காலத்துக்கானவை என்று இரு தரம் உண்டு. தாராள காலத்துக் கடத்திகள் அதிகச் செறிவில்தான் திறமையாக வேலை செய்யும். பாஸ்பரஸ் இல்லாமல் வைத்த கிளாமிடோமோனாஸில் உறிஞ்சும் உச்ச வேகம் 10 முதல் 20 மடங்கு வரை ஏறும். கூடவே, அரை வேகத்தை எட்டத் தேவையான செறிவு 1 மைக்ரோமோலாருக்கு, அதாவது லிட்டருக்கு 31 மைக்ரோகிராம் பாஸ்பரஸுக்கு, மிகவும் கீழே இறங்கிவிடும். பட்டினி கிடந்த பாசி மந்தமாகிவிடும் என்று நினைப்பவர்களுக்கு இது வியப்பாக இருக்கும். வளர்ச்சிதான் மந்தம், உறிஞ்சும் திறன் உச்சத்தில் இருக்கும்.

தேவைக்கு மேல் எடுத்துச் சேர்த்து வைக்குமா?

வைக்கும். எனக்கு இந்தப் பொருளிலேயே மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

பாஸ்பேட்டைச் செல்லுக்குள் அப்படியே குவித்தால் உள்ளழுத்தம் ஏறும். கால்சியம், மெக்னீசியத்தோடு அது சிக்கிக்கொள்ளவும் செய்யும். அதனால் பாசி பாஸ்பேட் அலகுகளை ஒன்றோடொன்று கோத்து நீண்ட சங்கிலியாக்குகிறது. இதுதான் பாலிபாஸ்பேட். ஒரு சங்கிலியில் மூன்று அலகும் இருக்கலாம், ஆயிரத்துக்கு மேலும் இருக்கலாம். கிளாமிடோமோனாஸ் போன்ற பாசிகளில் இது அசிடோகால்சிசோம் என்ற சிறு அமிலப் பைகளில் கால்சியம், மெக்னீசியத்தோடு அடைக்கப்பட்டிருக்கும். சங்கிலியைக் கோக்கும் வேலை விடிசி என்ற புரதக் கூட்டமைப்புடையது. அதில் ஒரு மரபணு கெட்டுப்போன கிளாமிடோமோனாஸால் பாலிபாஸ்பேட்டைச் சேர்க்க முடிவதில்லை.

இது இரண்டு சந்தர்ப்பங்களில் நடக்கிறது. ஒன்று, பாஸ்பேட் எப்போதும் நிறைந்திருக்கும்போது தேவைக்கு மிஞ்சி எடுத்துக்கொள்வது. இன்னொன்று, பட்டினி கிடந்த பாசிக்குத் திடீரென்று பாஸ்பேட் கிடைத்தால் நடப்பது. முன்னமே ஏற்றி வைத்த அந்தப் பஞ்சகாலக் கடத்திகள் உடனே மூடுவதில்லை. பட்டினியே அறியாத பாசியைவிட அதிகமான பாலிபாஸ்பேட்டை, அதுவும் வேகமாக, அது குவித்துவிடும். இந்த இரண்டையும் ஒன்றாகக் குழப்புவது பாடப்புத்தகங்களில்கூட நடக்கிறது. பிரித்துப் பார்ப்பது நல்லது, ஏனென்றால் ஏரியில் அடிக்கடி நடப்பது இரண்டாவதுதான். ஒரு மழை வெள்ளம், ஒரு மீனின் கழிவு, அடிநீர் கலந்து மேலே வருதல் என்று பாஸ்பேட் சிறு சிறு துடிப்புகளாகவே வந்து சேர்கிறது.

பரிசோதனையில் பாஸ்பேட் கிட்டத்தட்ட பூஜ்யம். ஆனால் தண்ணீர் கரும்பச்சை. எப்படி?

அதிகம் வரும் கேள்வி. பாஸ்பேட் காணாமல் போகவில்லை, பாசிக்குள் போயிருக்கிறது. நீங்கள் அளந்தது பாசி எடுத்தது போக மிச்சம்.

கோடையில் பாஸ்பரஸ் குறைந்த ஏரிகளில் கரைந்த பாஸ்பேட் ஒரு முறை முழுதாக எடுக்கப்பட்டுத் திரும்ப வெளிவர ஆகும் நேரம் சில நிமிடங்கள்தான். 14.3 நாள் அரைவாழ்வு கொண்ட பாஸ்பரஸ் 32 என்ற கதிரியக்க ஐசோடோப்பை விட்டுப் பார்த்து இதைக் கண்டுபிடித்தார்கள். குறைந்த செறிவு என்பதற்குக் குறைந்த ஓட்டம் என்று பொருளில்லை. இன்னொன்று: 1962-ல் மர்ஃபி, ரைலி என்ற ஆய்வாளர்கள் ஒழுங்குபடுத்திய, பாஸ்பேட்டை நீல நிறமாக்கி அளக்கும் மாலிப்டினம் நீல முறைதான் இன்றும் பரவலாக இருக்கிறது. அதில் சேர்க்கும் அமிலம் சில கரிமப் பொருட்களையும் உடைத்துப் பாஸ்பேட்டாக்கிவிடுவதால், மிகக் குறைந்த அளவுகளில் உண்மையைவிட அதிகமாகவே காட்டும். பாசிக்கு மிஞ்சியிருப்பது மீட்டர் சொல்வதைவிடவும் குறைவு.

ஏரியின் நிலையைத் தெரிந்துகொள்ள மொத்தப் பாஸ்பரஸை அளக்க வேண்டும். வடிகட்டாத நீரைச் செரிமானம் செய்து, அதாவது அதிலுள்ள பொருட்களை வேதிமுறையில் உடைத்து, உயிரிகளுக்குள் இருப்பதையும் சேர்த்து. பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் வகைப்பாட்டில் லிட்டருக்கு 10 மைக்ரோகிராமுக்குக் கீழே ஊட்டம் குறைந்த ஏரி, 10 முதல் 35 நடுத்தரம், 35 முதல் 100 ஊட்டம் மிகுந்தது, 100-க்கு மேல் அளவு மீறியது. இவை எல்லாம் மொத்தப் பாஸ்பரஸுக்கான எண்கள். கரைந்த பாஸ்பேட் அளவை இந்த அட்டவணையில் வைத்துப் படித்தால் கெட்டுப்போன ஏரியும் நல்ல ஏரியாகத் தெரியும்.

அப்படியானால் வளர்ச்சி வேகத்தை எதை வைத்துக் கணிப்பது?

செல்லுக்குள் இருக்கும் அளவை வைத்து. நீரில் உள்ள சத்தின் செறிவை வளர்ச்சி வேகத்தோடு நேராக இணைக்கும் மோனோ சமன்பாடு நிலையான சூழலில் சரியாக வரும். சேமித்து வைக்கும் சத்துக்கு, நிலை மாறிக்கொண்டே இருக்கும் நீரில், அது தடுமாறும். 1968-ல் ட்ரூப் என்ற ஆய்வாளர் வேறு வழி காட்டினார். அவர் ஆராய்ந்தது ஒரு கடல்பாசிக்கு வைட்டமின் பி12 கிடைப்பது பற்றி. ஆனால் அந்த எண்ணம் பாஸ்பரஸுக்கு அருமையாகப் பொருந்தியது. உயிர் தாங்கக் குறைந்தபட்சம் ஒரு அளவு செல்லுக்குள் வேண்டும். அந்த அளவில் வளர்ச்சி பூஜ்யம். கையிருப்பு அதற்கு மேலே ஏற ஏற வளர்ச்சி உச்சத்தை நெருங்கும்.

இதன் விளைவைச் சின்னக் கணக்கில் பார்க்கலாம். குறைந்தபட்சத்தின் 8 மடங்கு சேர்த்து வைத்த செல், வெளியிலிருந்து ஒரு துளி பாஸ்பேட்கூட இல்லாமல் 3 முறை இரட்டிக்கலாம்: 8 மடங்கு 4 ஆகும், 4 மடங்கு 2 ஆகும், 2 மடங்கு 1 ஆகும். கடைசி இரட்டிப்பு மெதுவாக நடக்கும், அவ்வளவுதான். ஒரு செல் எட்டாகிவிட்டது, பாஸ்பேட் மீட்டரோ பூஜ்யத்திலேயே நின்றது.

கையிருப்பும் தீர்ந்தால் என்ன செய்யும்?

சிக்கனம் பிடிக்கும், அதுவும் அசாத்தியமாக. கிளாமிடோமோனாஸில் பிஎஸ்ஆர்1 என்ற ஒரு மரபணு இந்த மாற்றங்களில் பெரும்பாலானவற்றை முடுக்கிவிடுகிறது. 1999-ல் அது கண்டறியப்பட்ட பிறகு, நிலத் தாவரங்களிலும் அதற்கு உறவான ஒரு மரபணு அதே வேலையைச் செய்வது தெரிய வந்தது.

பஞ்சகாலக் கடத்திகளும் பாஸ்படேஸும் பெருகுவதை மேலே சொன்னேன். அதோடு சவ்வுகளில் உள்ள பாஸ்போலிப்பிடின் ஒரு பகுதியைக் கழற்றி, பாஸ்பரஸ் இல்லாத கந்தகக் கொழுப்பை அந்த இடத்தில் வைத்துவிடும். கிளாமிடோமோனாஸ் ஏற்கெனவே ஒரு படி முன்னால் நிற்கிறது: பல உயிரிகளின் சவ்வில் முதன்மையாக உள்ள பாஸ்படிடைல்கோலின் என்ற பாஸ்போலிப்பிடு அதனிடம் இல்லை, பாஸ்பரஸ் வேண்டாத பீட்டெய்ன் கொழுப்பே அந்த வேலையைச் செய்கிறது. ஆர்என்ஏவையும் குறைத்து அதிலிருக்கும் பாஸ்பரஸை மறுபடி பயன்படுத்தும். செல் பிரிதல் நிற்கும், பச்சையம் குறையும், ஒளிச்சேர்க்கை தளரும். கார்பன் மட்டும் சிறிது காலம் தொடர்ந்து உள்ளே வருவதால் மாவுச்சத்தும் கொழுப்பும் சேரும். எண்ணெய்க்காகப் பாசி வளர்ப்பவர்கள் இதைப் பயன்படுத்துகிறார்கள், ஆனாலும் நைட்ரஜன் பட்டினிதான் அவர்களிடம் அதிகப் புழக்கத்தில் உள்ளது.

இருட்டில் பாஸ்பேட்டை எடுக்குமா?

எடுக்கும். சுவாசத்தில் கிடைக்கும் ஆற்றல் போதும். வெளிச்சத்தில் வேகம் கூடுதல், பாலிபாஸ்பேட் சேர்வதும் கூடுதல்.

ஆர்சனிக் உள்ள நீரில் பாசிக்கு என்ன ஆகும்?

ஆர்சனேட்டும் பாஸ்பேட்டும் வடிவத்தில் ஒத்தவை. கடத்திப் புரதத்தால் இரண்டையும் சரியாகப் பிரித்தறிய முடியாது. பாஸ்பேட் நிறைந்த நீரில் போட்டியில் ஆர்சனேட் பின்தங்கும். பாஸ்பேட் குறைந்த நீரில் அதே அளவு ஆர்சனேட் அதிக நஞ்சாகும். நச்சுத்தன்மைப் பரிசோதனை செய்பவர்கள் பாசியை வளர்க்கும் ஊடகத்தின் பாஸ்பேட் அளவைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அது இல்லாத ஆர்சனிக் முடிவுகளை ஒப்பிடுவதில் பயனில்லை.

நைட்ரஜனா, பாஸ்பரஸா, எதைக் கட்டுப்படுத்த வேண்டும்?

கடலில் ரெட்ஃபீல்ட் என்ற ஆய்வாளர் கண்ட விகிதம் அணு எண்ணிக்கையில் 106 கார்பனுக்கு 16 நைட்ரஜன், 1 பாஸ்பரஸ். நன்னீர்ப் பச்சைப் பாசிக்கு இதை விதியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. செனிடெஸ்மஸில் ஒரு சத்துக் குறைபாட்டிலிருந்து மற்றொன்றுக்கு மாறும் எல்லை 30 நைட்ரஜனுக்கு 1 பாஸ்பரஸ் என்ற அளவில் வந்தது. இனத்துக்கு இனம் இது மாறும்.

ஏரி அளவில் கிடைத்த சான்றுகளில் மிகத் தெளிவானது கனடாவின் ஒன்டாரியோ மாநிலச் சோதனை ஏரிகளில் ஒன்றான 226-ஆம் எண் ஏரி. 1973-ல் டேவிட் ஷிண்ட்லர் குழுவினர் அதை நடுவில் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதிக்குக் கார்பனும் நைட்ரஜனும். மறுபாதிக்கு அவற்றோடு பாஸ்பரஸும். பாஸ்பரஸ் சேர்ந்த பாதி மட்டும் பச்சையாகப் பொங்கியது. மேலிருந்து எடுத்த படத்தில் அந்தக் கோடு அப்படியே தெரிந்தது. அங்கே பொங்கியது நீலப்பச்சைப் பாசி. அதன் சில இனங்கள் காற்றிலுள்ள நைட்ரஜனைத் தாமே பிடித்துக்கொள்ளும். பச்சைப் பாசியால் அது முடியாது. ஆகவே பாஸ்பரஸைத் தாராளமாக விட்டுவிட்டு நைட்ரஜனை மட்டும் குறைத்தால் பச்சைப் பாசி பின்வாங்கும். அந்த இடத்தில் நைட்ரஜன் பிடிக்கும் நீலப்பச்சைப் பாசி வரும். அது நஞ்சும் சுரக்கக் கூடியது. இரண்டையும் குறைக்க முடிந்தால் நல்லது. ஒன்றில்தான் கைவைக்க முடியும் என்றால் நன்னீரில் என் வாக்கு பாஸ்பரஸுக்கே.

பாறைகளில் படரும் நீள் இழைப் பாசிக்கும் இதே கணக்கா?

ஆமாம், கிளாடோஃபோரா நல்ல எடுத்துக்காட்டு. வட அமெரிக்கப் பேரேரிகளின் கரைகளில் 1960-களிலும் 70-களிலும் இது குவியல் குவியலாக ஒதுங்கி அழுகியது. 1972-ல் அமெரிக்காவும் கனடாவும் செய்த ஒப்பந்தத்தைத் தொடர்ந்து பாஸ்பரஸ் வரத்து குறைக்கப்பட்டது, பாசியும் குறைந்தது. பிறகு வெளியிலிருந்து வந்த வரிச்சிப்பிகள் பெருகி, 1990-களின் நடுவிலிருந்து பாசி திரும்பியது. சிப்பிகள் நீரை வடிகட்டித் தெளிவாக்கியதால் வெளிச்சம் ஆழம் வரை போனது. அவற்றின் கழிவில் வரும் பாஸ்பேட் பாசியின் காலடியிலேயே கிடைத்தது. திறந்த நீரில் பாஸ்பரஸ் குறைந்தும் பாறையில் பாசி செழித்த காரணம் இது. இங்கே கண்காணிக்க வேண்டியது பாசித் திசுவின் பாஸ்பரஸ். உலர் எடையில் அது 0.06 சதவீதத்தை நெருங்கும்போது வளர்ச்சி நிற்கும் நிலைக்கு வந்துவிடும்.

பாஸ்பரஸ் வரத்தை நிறுத்தினால் பாசி உடனே குறையுமா?

ஏரியைப் பொறுத்தது. அமெரிக்காவின் வாஷிங்டன் ஏரியில் 1963 முதல் 1968 வரை கழிவுநீரைப் படிப்படியாகத் திருப்பிவிட்டதும் சில ஆண்டுகளிலேயே நீர் தெளிந்தது. அது ஆழமான ஏரி, நீரும் விரைவாக மாறும். ஆழம் குறைந்த, பல காலம் கழிவு வாங்கிய ஏரிகளில் அடிச்சேறு பாஸ்பரஸைத் திருப்பிக் கொடுத்துக்கொண்டே இருக்கும். சேற்றில் இரும்போடு ஒட்டியிருக்கும் பாஸ்பேட், ஆக்சிஜன் தீர்ந்தவுடன் விடுபட்டு மேலே வரும். பட்டினியோடு காத்திருக்கும் பாசி அதை என்ன செய்யும் என்பதை மேலே பார்த்தோம்.

கழிவுநீரிலிருந்து பாஸ்பரஸை எடுக்கப் பாசியைப் பயன்படுத்தலாமா?

தாராளமாக, ஒரு நிபந்தனையோடு: பாசியை அறுவடை செய்து வெளியே எடுக்க வேண்டும். எடுக்காவிட்டால் பாசி செத்துச் சிதையும்போது பாஸ்பேட் திரும்ப நீருக்கே போகும். இன்னொரு விஷயத்தையும் கவனிக்க வேண்டும். வெயிலில் பாசி கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சும்போது பிஎச் 9-க்கு மேல் போகலாம். அப்போது பாஸ்பேட் கால்சியத்தோடு சேர்ந்து தானே படியும். நீரில் குறைந்த பாஸ்பரஸ் முழுவதையும் பாசி உறிஞ்சியதாக எழுதிவிடக் கூடாது.

ஆய்வகத்தில் பாஸ்பரஸ் சோதனை செய்கிறேன். எந்த ஊடகம் நல்லது?

வழக்கமான ஊடகங்களில் பாஸ்பேட் மலையளவு இருக்கிறது. போல்ட் அடிப்படை ஊடகத்தில் சுமார் 1.7 மில்லிமோலார், அதாவது லிட்டருக்கு 53 மில்லிகிராம் பாஸ்பரஸ். கிளாமிடோமோனாஸுக்கான டிஏபி ஊடகத்தில் 1 மில்லிமோலார். பிஜி-11-ல் சுமார் 0.23 மில்லிமோலார், லிட்டருக்கு 7 மில்லிகிராம். அளவு மீறிய ஏரியின் எல்லையே லிட்டருக்கு 0.1 மில்லிகிராம்தான். இந்த ஊடகத்தில் வளர்ந்த பாசியை அப்படியே பாஸ்பேட் இல்லாத ஊடகத்துக்கு மாற்றினால், கையிருப்பை வைத்துக்கொண்டே பல தலைமுறை வளர்ந்து உங்கள் முடிவைக் கெடுக்கும். முதலில் கழுவி, பாஸ்பேட் இல்லாத ஊடகத்தில் வளர்ச்சி நிற்கும் வரை வைத்துவிட்டு அப்புறம் சோதனையைத் தொடங்குங்கள். பாஸ்பேட் உப்பில்தான் பொட்டாசியமும் வருகிறது. அந்த உப்பை நீக்கும்போது பொட்டாசியம் குளோரைடு போட்டு ஈடுகட்டுங்கள்.

செல்லுக்குள் இருக்கும் கையிருப்பை எப்படி அளப்பது?

மொத்த அளவு வேண்டுமானால் பாசியை வடிகட்டி, மேலே ஒட்டிய நீரைக் கழுவி, பெர்சல்பேட்டோடு சூடாக்கிச் செரிமானம் செய்து, பிறகு மாலிப்டினம் நீல முறையில் அளக்கலாம். சேமிப்பை மட்டும் அறிய எளிய வழி, பாசியைக் கொதிநீரில் ஒரு மணி நேரம் வைத்து வெளிவரும் பாஸ்பேட்டை அளப்பது. கட்டமைப்பில் பிணைந்தது பெரும்பாலும் உள்ளேயே தங்கும், சேமிப்பு வெளியே வரும். கண்ணால் பார்க்க ஆசையிருந்தால் டோலுயிடின் நீலச் சாயம் போடுங்கள். பாலிபாஸ்பேட் மணிகள் செவ்வூதாவாகத் தெரியும். டேபி சாயத்தில் டிஎன்ஏ நீலமாக ஒளிரும், பாலிபாஸ்பேட் மஞ்சளாக ஒளிரும்.

முடிவை எழுதும்போது பாஸ்பேட்டாகச் சொல்கிறீர்களா, பாஸ்பரஸாகச் சொல்கிறீர்களா என்று குறிப்பிடுங்கள். பாஸ்பேட்டின் எடை 95, அதிலுள்ள பாஸ்பரஸ் 31; ஏறக்குறைய மூன்று மடங்கு வித்தியாசம். அளவை ஒரு செல்லுக்கு இவ்வளவு, உலர் எடைக்கு இவ்வளவு என்று இரண்டு வகையிலும் கொடுத்தால் நல்லது, ஏனென்றால் பட்டினி கிடக்கும் பாசி மாவுச்சத்தால் கனமாகிறது; உலர் எடையை மட்டும் பார்த்தால் பாஸ்பரஸ் உண்மையில் குறைந்ததைவிட அதிகமாகக் குறைந்தது போலத் தோன்றும்.